விருதுநகர் – சிவகாசி: மருந்து ஊரில் இரண்டு நாட்கள்

மதுரையிலிருந்து தெற்கே போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் விடாதீர்கள். திருமங்கலம் தாண்டி, கள்ளிக்குடியும் தாண்டிவிட்டால் மண்ணின் நிறமே மாறிப் போகிறது. கரிசல்! மழை பெய்தால் காலைக் கவ்விக்கொள்ளும், வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும் கறுப்பு மண். சாலையின் இரு பக்கமும் சீமைக் கருவேல மரங்கள். வற்றாத ஆறு ஒன்றும் கண்ணில் படாது. வானம் பார்த்த பூமி. இந்த மண்ணை மட்டும் நம்பினால் பிழைக்க முடியாது என்று இந்த ஊர்க்காரர்களுக்கு என்றைக்கோ தெரிந்துவிட்டது. அதனால்தான் கையை நம்பினார்கள்.

விருதுநகருக்குப் பழைய பெயர் விருதுபட்டி. வியாபாரத்தில் பெயர் வாங்கிய ஊர். மிளகாய் வற்றல், மல்லி, பருப்பு, எண்ணெய் என்று நம் அஞ்சறைப் பெட்டிக்குள் இருக்கும் பாதிச் சாமான் இந்த ஊர்க் கடைத்தெரு வழியாக வந்ததாகத்தான் இருக்கும். கடைத்தெருவில் நுழைந்தாலே நெடி தாங்காமல் தும்மல் வருகிறது. காமராஜர் 1903 ஜூலை 15-ஆம் தேதி பிறந்த ஊர் அல்லவா? அவர் வீட்டை நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். முதலமைச்சராக இருந்தவரின் வீடா இது என்று நம்ப முடியாத அளவுக்கு எளிமை. குழந்தைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டியது. திரும்பும்போது எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தெடுத்த புரோட்டாவை ஒரு கை பார்க்கலாம். வயிறு சரியில்லாதவர்கள் வாசனையோடு நிறுத்திக்கொள்வது நல்லது!

1985-ல்தான் இது தனி மாவட்டம் ஆனது. 2022 ஜனவரியில் இங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. அதில் என்ன விசேஷம் என்று நினைக்கிறீர்களா? அடுத்து நாம் போகப் போகிற ஊரைப் பார்த்தால் புரியும்.

மருந்து என்றால் இங்கே வேறு

விருதுநகரிலிருந்து முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் சிவகாசி. 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அந்தப் பொறிதான் தீப்பெட்டியாகி, பட்டாசாகி, அச்சுத் தொழிலாகி இன்று ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்த பிறகு காலண்டர் வராமல் இருக்குமா? ஆடிப் பதினெட்டு அன்றே அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை வெளியிட்டுவிடுகிறார்கள்.

அங்கே எங்களுக்குத் துணையாக வந்தவர் என் நாத்தனாருக்குப் பழக்கமான ஓர் அக்கா. தீப்பெட்டி ஒட்டியும், பட்டாசுக்குத் திரி சுற்றியும் மூன்று பெண்களைக் கரையேற்றியவர். அவர் பேச்சில் 'மருந்து, மருந்து' என்று அடிக்கடி வந்தது. "மருந்து கலக்குற ரூம்", "மருந்து செலுத்துற ரூம்", "மிச்ச மருந்து". முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. நமக்கு மருந்து என்றால் டாக்டர் எழுதித் தருவது. இவர்களுக்கு மருந்து என்றால் அலுமினியப் பொடி, கந்தகம், வெடியுப்பு எல்லாம் கலந்த கலவை.

"மருந்துன்னா அளவு தங்கச்சி. அளவு தப்புனா போச்சு" என்றார் அக்கா.

பட்டாசு ஆலையில் ஒரே பெரிய கட்டடம் என்று இருக்காது. தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ஓடி வெளியேறக் கதவுகள் வேண்டும். நைலான் புடவை கூடாது, பருத்திதான். கைபேசி கூடாது. அன்றன்றைக்குக் கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும், மிச்சம் வைத்தால் ஈரம் பட்டுத் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். இத்தனை விதியும் யாரோ பயமுறுத்த எழுதியவை அல்ல. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஓர் உயிர் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் ஒரே ஆலையில் நாற்பது பேர் அளவுக்குப் போய்விட்டார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் மறுபடியும் ஒரு பெரும் விபத்து. நம் வீட்டுப் பிள்ளைகள் கொளுத்தும் மத்தாப்புக்குள் இதுவும் இருக்கிறது சகோதரிகளே.

தப்பித்தவர்கள் போகும் இடம்

செய்தித்தாளில் இறந்தவர்களின் எண்ணிக்கை வருகிறது. 'படுகாயம் அடைந்தவர்கள் ஆஸ்பத்திரியில் அனுமதி' என்ற ஒரு வரியோடு மற்றவர்கள் கதை முடிந்துவிடுகிறது. அவர்களுக்கு அங்கேதான் கதை ஆரம்பம். சிவகாசி அரசு ஆஸ்பத்திரி, அங்கே முடியாவிட்டால் மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி என்று ஆம்புலன்ஸ் ஓடும். அங்கே தீவிர சிகிச்சை வார்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தரையில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் யார்? நம்மைப் போன்ற பெண்கள்தான்.

அக்காவும் அப்படி உட்கார்ந்தவர். மருந்து கலக்கும் அறையில் அவர் வீட்டுக்காரருக்குத் தீக்காயம். தொண்டையில் குழாய், மூச்சுக்கு மெஷின். மெஷினை எடுத்த மறுநாள் உள்ளே விட்டார்கள். ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றிருக்கிறார்.

"என்னைப் பார்த்தாக தங்கச்சி. ஆனா என்னைத் தெரியலை. 'ரூம்ல மருந்து மிச்சம் கெடக்கு, கதவைத் தொற, புள்ளைகளை வெளிய அனுப்பு'ன்னு ஒரே சத்தம். சுவத்துல எறும்பு போகுதுன்னாக. நர்ஸம்மாவைப் பார்த்து ஃபோர்மேன்னாக. மூக்குல இருந்த குழாயைப் பிடுங்கப் போனாக. சாயங்காலம் போனா, சுத்தமாப் பேச்சே இல்லை. மோட்டுவளையவே பாத்துக்கிட்டுக் கெடக்காக."

மாமியார் 'காத்துக் கருப்பு' என்று அழுதாராம். உறவுக்காரர் ஒருவர், 'புத்தி பேதலிச்சிருச்சு, இனி அவ்வளவுதான்' என்றாராம். மந்திரிக்க ஆள் கூட்டி வரவும் ஒருவர் கிளம்பிவிட்டார். அப்போது வார்டில் இருந்த மூத்த நர்ஸ் ஒருவர் அக்காவைத் தனியே கூப்பிட்டு, "அம்மா, இது பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை. உடம்பு பலமா அடிபட்டா மூளையும் கொஞ்ச நாள் தடுமாறும். இதுக்குப் பேர் இருக்கு. நாங்க தினமும் பார்த்துக் குறிக்கிறோம். நீங்களும் உதவி பண்ணலாம்" என்றிருக்கிறார்.

அந்த நர்ஸ் சொன்னதை நம் வாசகிகள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டாசு விபத்துக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை இது. நிமோனியா, பெரிய ஆபரேஷன், சாலை விபத்து என்று எதற்காகத் தீவிர சிகிச்சையில் படுத்தாலும் வரக்கூடியது.

பாட்டி சொன்ன ஜன்னி

கடுங்காய்ச்சலில் யாராவது பிதற்றினால், 'ஜன்னி கண்டுவிட்டது' என்பார்கள் நம் பாட்டிமார்கள். டாக்டர்கள் 'டெலிரியம்' என்பது ஏறக்குறைய அதைத்தான். திடீரென்று வரும். காலையில் தெளிவு, மாலையில் குழப்பம் என்று ஏறி இறங்கும். கவனம் ஒரு இடத்தில் நிற்காது. சுவாசக் கருவியில் இருக்கும் நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேர் வரை இதற்கு ஆளாகலாம் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. வயதானவர்களுக்கு அபாயம் அதிகம்.

இதற்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று, கத்திக் கூச்சலிட்டுக் குழாயைப் பிடுங்குவது. இது எல்லார் கண்ணிலும் படும். இன்னொன்று, சத்தமே இல்லாமல் சுருண்டு கிடப்பது. 'பாவம், அசந்து தூங்குறார்' என்று நாம் நினைத்துக்கொள்வோம். இந்த இரண்டாவதுதான் அதிகம். தப்பிப் போவதும் இதுதான்.

ஏன் வருகிறது? காயத்தில் சீழ் பிடித்து ரத்தத்தில் விஷம் ஏறுவது, பிராணவாயு குறைவது, உடம்பில் உப்புச் சத்து ஏறி இறங்குவது, தீராத வலி, ராப்பகல் தெரியாத விளக்கு வெளிச்சம், தூக்கமின்மை என்று காரணங்கள் பல. தூக்க மருந்தும் அவற்றில் ஒன்று. ஆம், மருந்தேதான்!

இங்கேயும் அளவுதான்

தொண்டையில் குழாயோடு, உடம்பெல்லாம் புண்ணோடு கிடப்பவருக்கு வலி மருந்தும் தூக்க மருந்தும் கொடுக்காமல் முடியாது. கொஞ்சம் குறைந்தால் துடித்துப் போவார், குழாயை இழுத்துவிடுவார். கூடினாலோ மூச்சு தானே எடுக்க மறந்துபோகும். மெஷினை எடுக்க நாளாகும், ஜன்னியும் சுலபமாகப் பிடிக்கும். மிடஸோலம் போன்ற சில தூக்க மருந்துகளில் இந்தத் தொந்தரவு கூடுதல்.

அதனால் மருந்தைக் கண்ணளவில் விடாமல், சில மணி நேரத்துக்கு ஒரு தரம் நோயாளியைப் பார்த்து மார்க் போடுகிறார்கள். 1974-லேயே இதற்கு ராம்ஸே என்ற டாக்டரின் பெயரில் ஓர் அளவுகோல் வந்தது. இப்போது பரவலாக இருப்பது 2002-ல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரத்து மருத்துவர்கள் வெளியிட்டது. சுருக்கமாக 'ராஸ்' என்பார்கள்.

மிகவும் எளிதான கணக்கு. நடுவில் பூஜ்யம். அமைதியாக, விழித்திருந்தால் பூஜ்யம். அதற்கு மேலே ஒன்று முதல் நாலு வரை பதற்றம். நிலைகொள்ளாமல் புரண்டால் ஒன்று, குழாயைப் பிடுங்கினால் மூன்று, அடிக்க வந்தால் நாலு. கீழே கழித்தல் ஒன்று முதல் ஐந்து வரை மயக்கம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பத்து விநாடிக்கு மேல் நம்மைப் பார்த்தால் கழித்தல் ஒன்று. பார்த்துவிட்டு உடனே மூடிக்கொண்டால் கழித்தல் இரண்டு. தட்டி எழுப்பியும் அசைவே இல்லையென்றால் கழித்தல் ஐந்து. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் நூறுக்கு ஆசைப்படுவோம். இங்கே பெரும்பாலானவர்களுக்கு டாக்டர்கள் விரும்புவது பூஜ்யத்தை ஒட்டிய லேசான மயக்கம்தான்.

2000-ஆம் ஆண்டில் சிகாகோவில் ஒரு சோதனை செய்தார்கள். சுவாசக் கருவியில் இருந்த 128 பேரில் ஒரு பாதிப் பேருக்குத் தினமும் ஒரு வேளை தூக்க மருந்தை நிறுத்தி, விழிக்கவிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் சுமார் ஐந்து நாளில் கருவியிலிருந்து விடுபட்டார்கள். மற்றவர்களுக்கு ஏழு நாளுக்கு மேல் ஆனது. ஆகவே, 'எங்க அப்பா முழிச்சுட்டார், கஷ்டப்படுறார், நல்லா தூங்க வைங்க' என்று கேட்பதற்கு முன், 'வலி இருக்கா டாக்டர்? அதுக்குக் குடுக்குறீங்களா?' என்று கேளுங்கள். வலியைத் தணிப்பது வேறு, ஆளை மயக்கத்தில் ஆழ்த்துவது வேறு. எல்லாருக்கும் மருந்தை நிறுத்த முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. முடிவு டாக்டருடையது.

ஜன்னியைக் கண்டுபிடிக்கவும் ஒரு சோதனை இருக்கிறது. 2001-ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வெஸ்லி ஈலி என்ற டாக்டரும் அவருடன் வேலை செய்தவர்களும் கொண்டு வந்தது. பேச முடியாதவருக்கும் செய்யலாம். நர்ஸ் பத்து எழுத்துக்களை நிதானமாகச் சொல்வார். குறிப்பிட்ட ஓர் எழுத்து வரும்போது மட்டும் நோயாளி கையை அழுத்த வேண்டும். இரண்டு தப்புக்கு மேல் போனால் கவனம் சிதறுகிறது என்று பொருள். பிறகு சில கேள்விகள். கல் தண்ணீரில் மிதக்குமா? கடலில் மீன் இருக்குமா? ஒரு கிலோ, இரண்டு கிலோவை விடக் கனமா? தலையசைத்துப் பதில் சொன்னால் போதும். சில நிமிஷ வேலை. 'பெரிய மனுஷனைப் பார்த்து என்ன கேள்வி கேட்கிறாள் பார்' என்று நர்ஸைக் கோபிக்காதீர்கள்!

ஒரு ஊசி போட்டு இதை விரட்டிவிட முடியாதா என்று கேட்கத் தோன்றும். ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் ஜன்னியின் நாட்களைக் குறைக்கவில்லை என்று 2018-ல் வந்த ஒரு பெரிய ஆராய்ச்சி காட்டியது. காரணத்தைத் தேடிச் சரி செய்வதும், நோயாளியை இந்த உலகத்தோடு கட்டி வைப்பதும்தான் வழி. அதில் பாதி, வீட்டு மனுஷர்கள் கையில் இருக்கிறது.

வெளியே உட்கார்ந்திருக்கும் நீங்கள் என்ன செய்யலாம்?

● ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே ஒளிக்காமல் சொல்லுங்கள்: தினமும் குடிப்பவரா, புகையிலை போடுபவரா, தூக்க மாத்திரை சாப்பிடுபவரா? வழக்கமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு, மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, பூச்சி ஊர்வது போன்ற தோற்றம் எல்லாம் வரும். அதற்கு வேறு சிகிச்சை. தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து. வெட்கப்பட்டு மறைக்கும் நேரம் இல்லை இது.

● மூக்குக் கண்ணாடி, காது மெஷின் இரண்டையும் கொண்டு போய்க் கொடுங்கள். கண்ணும் காதும் மங்கினால் குழப்பம் இரட்டிப்பாகும்.

● உள்ளே விடும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள். தீக்காயக்காரருக்கு அழுக்குக் கை எமன். நர்ஸைக் கேட்காமல் தொட வேண்டாம்.

● முதலில் உங்கள் பெயர், உறவு, பிறகு கிழமை, தேதி, எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று மெதுவாகச் சொல்லுங்கள். வீட்டு விஷயம் பேசுங்கள். மாடு கன்று போட்டது, பேத்திக்குப் பல் முளைத்தது, எதுவானாலும் சரி. கடன்காரன் வந்த கதை வேண்டாம்.

● இல்லாததை இருக்கிறது என்று சொன்னால் வாதாட வேண்டாம். 'ஆமாம், எறும்புதான்' என்று ஆமாம் போடவும் வேண்டாம். 'பயப்படாதீங்க, நான் பக்கத்துல இருக்கேன், இது ஆஸ்பத்திரி' என்றால் போதும்.

● கையைக் கட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். கட்டுவது குழப்பத்தைக் கூட்டும். நீங்கள் பக்கத்தில் இருக்கும் நேரமாவது அவிழ்க்க முடியுமா என்று பணிவாகக் கேட்கலாம்.

● நேற்றிருந்தவர் இன்று வேறு ஆளாகத் தெரிந்தால், அல்லது சத்தமில்லாமல் ஒடுங்கிவிட்டால், உடனே சொல்லுங்கள். அவர் எப்படிப் பேசுவார், எப்படிச் சிரிப்பார் என்பது உங்களுக்குத் தெரிந்த அளவு டாக்டருக்குத் தெரியாது.

வீடு திரும்பிய பிறகு

ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்து ஏமாறக் கூடாது. தீவிர சிகிச்சையில் இருந்த 821 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி ஒன்று 2013-ல் வெளிவந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, ஞாபகசக்தியும் யோசிக்கும் திறனும் ஆரம்ப நிலை அல்ஸைமர் நோயாளிக்கு இருக்கும் அளவுக்குக் குறைந்திருந்தன. ஜன்னி எத்தனை நாள் நீடித்ததோ அந்த அளவுக்குப் பின்விளைவும் அதிகம். இதனால்தான் தினமும் பார்ப்பதும், மார்க் போடுவதும், மருந்தை அளப்பதும். மறதிக்காக அவரைத் திட்டாதீர்கள். கெட்ட கனவு, எரிச்சல், தூக்கமின்மை தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சில மேல்நாட்டு வார்டுகளில் நர்ஸும் குடும்பத்தாரும் சேர்ந்து நோயாளிக்காக டைரி எழுதுகிறார்கள். 'இன்று கண் திறந்தீர்கள், இன்று குழாயை எடுத்தார்கள்' என்று. பின்னால் படிக்கும்போது, எது நிஜம், எது கனவு என்று அவருக்குப் பிரிந்து தெரிகிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும், நாமும் எழுதலாமே!

அக்காவின் வீட்டுக்காரருக்கு ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டது. அந்த நர்ஸ் கேட்டபடி கண்ணாடியும், பெரிய எழுத்துத் தினசரிக் காலண்டர் ஒன்றும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார் அக்கா. கட்டிலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி மாட்டி, தினமும் காலையில் அவர் கண் முன்னாலேயே தாளைக் கிழித்திருக்கிறார்கள். இப்போது அவர் அச்சகம் ஒன்றில் காலண்டர் எண்ணிக் கட்டுகிறார். "மறதி இருக்கு. சாவியை வச்ச எடம் தெரியாது. இருந்தாலும் தேதி மட்டும் தப்பாது தங்கச்சி" என்று சிரித்தார் அக்கா.

தீபாவளிக்கு முன்னால் சிவகாசிக்குப் போகிறவர்கள் பட்டாசு வாங்கத்தான் போவீர்கள். பெரிய எழுத்துத் தினசரிக் காலண்டர் ஒன்றையும் சேர்த்து வாங்கி வாருங்கள். சுவரில் மாட்டியிருக்கட்டும். என்றைக்காவது வீட்டில் யாரையாவது தீவிர சிகிச்சையில் சேர்க்க நேர்ந்தால், மாற்றுத் துணியோடும் கண்ணாடியோடும் அதையும் பையில் எடுத்து வையுங்கள். வார்டில் மாட்ட அனுமதிப்பார்களா என்று நர்ஸிடம் கேட்டுவிட்டு, தினமும் காலையில் முதல் வேலையாக அவர் பார்க்க ஒரு தாளைக் கிழியுங்கள்.